உப்புக்காற்றுக்கு எந்த சைக்கிள்?

தொண்டி நண்பர் ஒருவர் விடாமல் கேட்கிறார், கார்பன் சைக்கிள் வாங்கலாமா, இல்லை பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள் தேடலாமா என்று. என்னிடம் இரண்டும் உண்டு, இரண்டும் மண்டபம் ஊர்க் கடற்காற்றில்தான் கிடக்கின்றன. கார்பன் இப்போதுதான் ரிப்பேர் முடிந்து மதுரையிலிருந்து வந்தது, அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை என்பதையும் நினைவில் வைத்துப் படியுங்கள்.

வேகத்தில் கார்பனுக்குப் போட்டியே இல்லை. பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐ 2000-இல் விதி போடும் அளவுக்கு எடை இறங்கிவிட்டது. பழசைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். மழையிலும் புதுசின் டிஸ்க் பிரேக் பிடித்த இடத்தில் நிற்கும். பழசின் பிரேக் கட்டை ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழித்துவிட்டு, அப்புறம்தான் வேலைக்கே வரும்.

என் எரிச்சல் எல்லாம் கார்பனின் ஹெட்செட் மேல்தான், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங். காற்றைக் கிழிக்க வேண்டுமாம், அதனால் பிரேக் ஆயில் ஓடும் ஹோஸை ஹேண்டில்பாருக்குள் நுழைத்து மேல் பேரிங்கின் நடுவழியாக ஃபிரேமுக்குள் இறக்கிவிட்டார்கள். தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை போய் வந்தால், இருபுறமும் கடல், ரோட்டிலேயே மணல் ஊரும், அந்த உப்பும் நம் வியர்வையும் நேராகப் போய் அந்தப் பேரிங்கில் உட்காரும். அப்புறம் ஹேண்டிலைத் திருப்பினால் நறநற. பேரிங் விலை சொற்பம். மாற்றுவதற்கு ஹோஸைக் கழற்றி, நுனியை வெட்டி, திரும்ப மாட்டி, ஆயில் விட்டு ஏர் எடுக்கணும். ராமநாதபுரத்தில் கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள், மதுரையில் கூலி பேரிங்கைப் போலப் பல மடங்கு. பாம்பன் பாலத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது அதே சைக்கிளின் உயர ரிம் என்னைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, இதில் காற்றைக் கிழித்து என்ன லாபம்?

பழசில் அதே இடத்தில் கப், கோன், 5/32 அங்குல பால்ஸ், அவ்வளவுதான். உச்சிப்புளியில் சைக்கிள் கடை பாயிடம் விட்டால், "அசருக்குள்ள முடிச்சிரலாம் தம்பி" என்பார், சாயங்காலத் தொழுகைக்குள் என்று அர்த்தம். கொட்டாங்கச்சியில் டீசல் ஊற்றிப் பால்ஸை அலசி, கிரீஸை விரலால் வழித்துக் கப்பில் அப்பி, ஒவ்வொன்றாகப் பதிப்பார். கியர் லிவர் கீழ்க்குழாயில் இருக்கிறது, கிளிக் கிடையாது. செயின் கரகரத்தால் மயிரிழை தள்ளினால் போதும், சத்தம் நின்றுவிடும். கார்பனின் எலக்ட்ரானிக் கியர் மாதிரி சார்ஜ் போடும் வேலையும் இல்லை. இந்தச் சுகத்தைக் கார்பன் எனக்குத் தந்ததே இல்லை.

அதற்காகப் பழசு துருப்பிடிக்காது என்றில்லை. அலுமினிய சீட் போஸ்ட் ஸ்டீல் குழாயோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வப்போது உருவி கிரீஸ் தடவாவிட்டால் கழற்றவே முடியாது. கார்பன் ஃபிரேமில் மாட்டிய அலுமினியமும் உப்பில் அரிக்கும், அங்கேயும் நிம்மதி இல்லை.

சரி, நண்பருக்கு என் பதில்: கார்பனே வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரம் போகும் கூட்டத்துக்குப் பின்னால் பழசில் தனியாக மிதித்துக்கொண்டு வருவது எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் ஹோஸ் வெளியே ஓடும் மாடலாகப் பாருங்கள். பழசுதான் என்று பிடிவாதமாக இருந்தால் சக்கரம் 27 இஞ்ச்சா 700சியா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள், முன்னதற்கு ரிம் விட்டம் 630 மி.மீ., பின்னதற்கு 622, டயரை மாற்றிப் போட முடியாது.