சிசேரியனுக்குப் பின் அடுத்த கர்ப்பம்: 7 வார ஸ்கேனா, 20 வார ஸ்கேனா?

சிசேரியன் செய்துகொண்ட தாய் மீண்டும் கருவுறும்போது கரு பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டால், நஞ்சுக்கொடி கர்ப்பப்பைத் தசைக்குள் ஊடுருவி, பிரசவத்தில் பிரியாமல் உயிராபத்தான இரத்தப்போக்கை உண்டாக்கலாம். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயையும் மூடியிருந்தால், ஒரு சிசேரியன் செய்தவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்கும், இரண்டு செய்தவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கும் இந்த ஊடுருவல் நேர்ந்ததாக 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

யோனி வழியாக 6 முதல் 8 வாரத்துக்குள் செய்யும் ஸ்கேனில், கருவின் பை தழும்பில் அமர்ந்திருக்கிறதா, அதற்கு மேலே இருக்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். 9 வாரத்துக்குப் பிறகு அது வளர்ந்து மேல்நோக்கி விரிவதால் அந்தத் தொடர்பு மறைந்துபோகலாம். தழும்பில்தான் இருக்கிறது என்று தெரிந்தால், கர்ப்பத்தைத் தொடர்வதா என்பதை நிபுணரோடு பேசி முடிவெடுக்க அவகாசமும் கிடைக்கும். ஆனால் மாதவிடாய் தள்ளிப்போனதுமே ஊர் மருத்துவச்சியான குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்தால்தான் இது கைகூடும்.

வயிற்றின் மேல் செய்யும் 20 வார ஸ்கேன் பலருக்கும் பழக்கமானது. நஞ்சுக்கொடிக்குள் தெரியும் ஒழுங்கற்ற இரத்தக் குழிகளையும், சிறுநீர்ப்பை எல்லையின் சிதைவையும் தேர்ந்த கண் இதில் கண்டுகொள்ளும். எனினும் அப்போது தாழ்வாகத் தெரியும் நஞ்சுக்கொடிகளில் பெரும்பாலானவை கர்ப்பப்பை வளரும்போது விலகிவிடுவதால், 32 வாரமளவில் மீண்டும் பார்க்க வேண்டும். அப்போது யோனி வழி ஸ்கேனே துல்லியமானது. இரத்தம் போகும் என்று தாய்மார் அஞ்சினாலும், கருவி கர்ப்பப்பை வாய்க்குள் நுழைவதில்லை என்பதால் அது பாதுகாப்பானதே.

இலங்கை மலையகத்தில், பெரிய வைத்தியசாலைகளுக்குத் தொலைவிலுள்ள மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ வசிக்கும் ஒருவருக்கு 7 வார ஸ்கேனையே நான் முன்வைப்பேன். அதில் எல்லாம் சரி என்று வந்தாலும் 20 வார ஸ்கேனைத் தவிர்க்கலாகாது. முந்தைய சத்திரசிகிச்சை அட்டையைக் காட்டி, "நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டியிருக்கிறதா?" என்று கேட்பது நல்லது (கேட்காவிட்டால் சொல்ல மறக்கும் கிளினிக்குகளும் உண்டு).

எம்.ஆர்.ஐ இவற்றுக்கு மாற்றல்ல. நஞ்சுக்கொடி பின்சுவரில் இருக்கும்போதோ ஊடுருவல் பக்கவாட்டில் பரவியதாகச் சந்தேகிக்கும்போதோ மட்டும் அது கூடுதலாக உதவும். ஊடுருவல் உறுதியானால் பெரும்பாலும் 35, 36 வாரங்களிலேயே சத்திரசிகிச்சை திட்டமிடப்படும் என்பதால், இரத்த வங்கியும் தேர்ந்த நிபுணர் குழுவும் உள்ள பெரிய வைத்தியசாலைக்கு அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.