வீட்டுக் காப்புறுதி: சோபாவை விட பொறுப்புக் காப்பைப் பாருங்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக்குத் தீக்காப்புறுதி இருக்கிறதே, அது போதாதா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போதாது. கழகம் முதலில் கட்டிக்கொடுத்த சுவர், தரை, கதவுக்குத்தான் அது. உங்கள் புதுப்பிப்பு வேலைக்கோ சாமான்களுக்கோ கிடையாது, அடுத்தவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கும் கிடையாது.

நாங்கள் எடுத்த தனியார் காப்புறுதியில் எனக்கு ரொம்பப் பிடித்தது குடும்பப் பொறுப்புக் காப்புதான். துணி காயப்போடும் கம்பு தவறி விழுந்து கீழே போகிறவருக்கு அடிபட்டாலோ, வாஷிங் மெஷின் குழாய் கழன்று கீழ்வீட்டுக் கூரை நாசமானாலோ, நம் கவனக்குறைவு என்று வழக்கு வந்தால் இழப்பீடு, வக்கீல் செலவு இரண்டையும் வரம்புக்குள் ஏற்கிறது. கூடவே இருக்கும் அம்மா, பிள்ளைகளும் இதில் அடக்கம். வேண்டுமென்றே செய்ததற்கு ஒரு காசும் வராது, அது நியாயம்தான்.

அமெரிக்காவில் 'அம்பரெல்லா' என்று ஒன்று உண்டு. வீடு, கார் காப்புறுதிகளின் பொறுப்பு வரம்பு தீர்ந்த பிறகு அதற்கு மேல் கொடுக்கும், பெரும்பாலும் 1 மில்லியன் டாலரிலிருந்து தொடங்கும். நம் குடும்பப் பொறுப்புக் காப்பை அப்படி நினைத்து வாங்காதீர்கள், கார் விபத்து இதில் சேராது. அப்புறம், முகவர் சோபா, டிவி என்று பேசிக்கொண்டே போவார். நீங்கள் பொறுப்பு வரம்பு எவ்வளவு, எதெல்லாம் விலக்கு என்று அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.