வெறுங்காலா, செருப்பா, ஷூவா: ராமநாதபுரக் கரைப் பிள்ளைகளுக்கு எந்தத் தரையில் எது?

பிள்ளைக்குச் செருப்பு என்று கடையில் கேட்டால் முதலில் வயதைக் கேட்பார்கள். தொண்டியிலிருந்து ராமேஸ்வரம், கீழக்கரை வரைக்கும் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பிள்ளை எந்தத் தரையில் நடக்கப் போகிறது? வீட்டுச் சிமெண்டுத் தரை, அலை நனைத்த மணல், சீமைக்கருவேலம் மண்டிய பொட்டல், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒரே காலணி ஒத்துவராது.

தவழும் குழந்தைக்கும் நடை பழகும் குழந்தைக்கும் வீட்டுக்குள் வெறுங்காலை மிஞ்ச எதுவும் இல்லை. விரல்கள் தரையைப் பற்றினால்தான் காலின் சிறு தசைகள் வலுக்கும். பாதம் தட்டையாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உள்வளைவு இருக்க வேண்டிய இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருக்கிறது, ஐந்தாறு வயதுக்குள் பெரும்பாலும் வளைவு தெரியவரும். வளர்ந்த பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லையென்றால் சிகிச்சை தேவையில்லை, வளைவு வைத்த விலை உயர்ந்த ஷூவும் தேவையில்லை. நம் நாட்டில் 4 முதல் 13 வயது வரையிலான 2300 பிள்ளைகளின் பாதத் தடங்களைப் பார்த்து 1992இல் வெளிவந்த ஆய்வில், காலணி போட்டவர்களில் 8.6 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரலை மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். ஷூவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. தேவைக்கு முன்னால் மாட்டிவிட வேண்டாம், அவ்வளவுதான்.

கைக்குழந்தைக்குச் சாக்ஸ் மாட்டினால், முதலில் அதை உள்பக்கம் திருப்பித் தொங்கும் நூலை வெட்டிவிடுங்கள். நூலோ அம்மாவின் தலைமுடியோ விரலைச் சுற்றி இறுகினால் விரல் வீங்கிச் சிவக்கும். காரணம் தெரியாமல் குழந்தை அழுதால் சாக்ஸைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். கணுக்காலில் கட்டும் கருப்புக் கயிறும் இதே கணக்குதான்: கால் பருக்கும், கயிறு பருக்காது. கயிற்றுக்கடியில் உங்கள் சுண்டுவிரல் நுழையவில்லையென்றால் அவிழ்த்துக் கட்டுங்கள். நனைந்த கயிற்றுக்கடியில் படையும் வரும்.

கடற்கரையில் வெறுங்காலா, செருப்பா? அலை கழுவிய ஈர மணலில் வெறுங்கால் பெரும்பாலும் நல்லது. கரையில் ஏற்றிய வள்ளத்தின் நிழலிலும் பனையடி மணலிலும் கூடாது. அங்கேதான் நாய்கள் படுத்துக் கழிக்கும். அந்தக் கழிவிலிருந்து வரும் கொக்கிப்புழுவின் இளம்புழு, நிழலான ஈர மணலில் உயிரோடிருந்து தோல் வழியாக ஏறும். பாதத்தில் வளைந்து நெளிந்து நகரும் சிவந்த கோடும் தாங்க முடியாத அரிப்பும் கண்டால் மருத்துவரிடம் போங்கள், மாத்திரையில் சரியாகிவிடும். வெயில் ஏறிய பிறகு புறங்கையை மணலில் 5 விநாடி வைக்க முடியாவிட்டால் பிள்ளையின் காலும் அதில் படக்கூடாது.

தண்ணீருக்குள் இறங்கினால் கணக்கு மாறுகிறது. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் பவளக்கல்லும் சிப்பி ஓடும் கிழிக்கும். வடகடலின் (பாக் நீரிணை) சேற்றுத் தரையில் திருக்கை பதுங்கியிருக்கும். இரண்டுக்கும் குதிகால் வார் உள்ள பிளாஸ்டிக் செருப்பு வேண்டும், ஆனால் திருக்கை முள் அதையும் மீறும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்கப் பழக்கினால் திருக்கை விலகி ஓடிவிடும். ஓட்டை போட்ட நுரைச் செருப்பும் தண்ணீருக்கு ஆகும். அதை வெயிலில் காயவைத்தால் சுருங்கி ஓர் அளவு சிறிதாகிவிடும், நிழலில் வையுங்கள்.

பொட்டலுக்கு வந்தால் ரப்பர் செருப்பு தோற்றுப்போகிறது. கருவேல முள் 5 செ.மீ. வரை வளரும், மெல்லிய ரப்பரை ஊசிபோல் துளைக்கும். முனை ரப்பருக்குள் முறிந்து நின்று, மறுநாள் மிதிக்கும்போது காலில் ஏறும். சாயங்காலம் செருப்பை வளைத்துப் பார்த்துக் கட்டிங் பிளேயரால் பிடுங்குங்கள். டயர் செருப்பு முள்ளை நன்றாகத் தாங்கும், ஆனால் கனம், விரலடியில் வளையாது, சின்னப் பிள்ளை காலை இழுத்து நடக்கும். வளையும் தடித்த அடியும் குதிகால் வாரும் உள்ள செருப்பே எங்கள் தேர்வு. ரப்பர் செருப்பு கழன்றுவிடாமல் பிடிக்க விரலை மடக்கியே நடக்க வேண்டியிருப்பதால், 4 வயதுக்குள் இடறி விழுவதும் அதிகம். வார் செருப்பில் இரும்புக் கொக்கி வேண்டாம், உப்புக்காற்றில் துருவேறும். வெல்க்ரோவில் மணல் அப்பினால் பிடிக்காது; பழைய பல் பிரஷால் தேய்த்தால் போதும்.

முள் ஏறிவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நுழைந்த சாய்விலேயே சாமணத்தால் வெளியே இழுங்கள். பிதுக்காதீர்கள். எருக்கம்பாலும் சுண்ணாம்பும் தடவாதீர்கள், தோலை வேக வைக்கும். முனை உள்ளே தங்கினால் வாரங்கள் கழித்து மூட்டருகே வீங்கலாம். எக்ஸ்ரேயில் முள் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள்: 16-24 மாதம், 5-6 வயது, 10 வயது, 16 வயது என ரணஜன்னிக்கான (டெட்டனஸ்) தவணைகள் விடுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பள்ளிக்கு ஷூ கட்டாயமென்றால் அளவில்தான் விஷயம். சாயங்காலம், பிள்ளை நிற்கும்போது, இரண்டு காலையும் காகிதத்தில் வரையுங்கள். பெரிய காலின் நீண்ட விரலுக்கு முன்னால் 1 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக இடம் வேண்டும். 3 வயதுக்குள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அளங்கள். பள்ளியில் கொடுக்கும் விலையில்லாக் காலணிக்கு அளவு கொடுத்து மாதங்கள் ஓடியிருந்தால், போடும் முன் மறுபடி பாருங்கள். இந்தப் புழுக்கத்தில் ஷூவுக்குள் வேர்வை காயாது, கடைசி இரு விரல் இடுக்கில் தோல் வெளுத்து உரியும். பருத்திச் சாக்ஸ் தினமும் மாற்றி, ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து இரவு வையுங்கள். அண்ணன் போட்ட வார் செருப்பு, அடி ஒருபக்கம் தேயாமல் இருந்தால் தம்பிக்கு ஆகும். அண்ணனின் ஷூ ஆகாது. உள்ளே அவன் காலின் பள்ளம் பதிந்திருக்கும்.