லிஃப்ட் கிட் வாங்கும் முன்: பழைய ஹைலக்ஸோடு பல வருட அனுபவம்

பழைய 4×4 பிக்கப் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இன்ச் தூக்கலாம்?" லிஃப்ட் கிட் என்றால் அப்படி உயரம் ஏற்றும் பாகங்களின் செட். பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பி உருளை), பெரிய டயர் எல்லாம் மாட்டிய அன்றைக்கு எடுத்த போட்டோக்கள் ஏராளமாகக் கிடைக்கும். அதே வண்டி இரண்டு மழைக்காலம் தாண்டி எப்படி ஓடுகிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.

என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106, டபுள் கேப். 1988-ல் தொடங்கி 1997 வரை வந்த தலைமுறை. எஞ்சின் 3எல் டீசல்: சிலிண்டர் விட்டம் 96 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் நீளமும் (ஸ்ட்ரோக்) அதே 96, மொத்தம் 2,779 சிசி. டர்போ கிடையாது. குதிரைத்திறன் தொண்ணூறைச் சுற்றித்தான். முன்னாலும் பின்னாலும் சாலிட் ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), நாலு மூலையிலும் லீஃப் பட்டை (அடுக்கு ஸ்பிரிங்). 1979-ல் ஹைலக்ஸ் முதன்முதலாக 4×4-ஆக வந்தபோது இருந்த அதே அடிப்படை ஏற்பாடு. அமெரிக்கச் சந்தையில் 1986 மாடலோடு முன் சாலிட் ஆக்சிலைக் கைவிட்டார்கள்; வேறு பல நாடுகளில் இந்தத் தலைமுறை முடியும்வரை அது நீடித்தது. (1987-ல் சாட் நாட்டுக்கும் லிபியாவுக்கும் நடந்த சண்டைக்கு 'டொயோட்டா போர்' என்றே பெயர். இந்த வண்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். அதனால் நானே சொல்லிவிட்டேன்.)

நான் வாங்கும்போதே வண்டி தூக்கித்தான் இருந்தது. எப்படித் தூக்கியிருந்தார்கள் என்பதில்தான் விஷயம். பட்டையை மாற்றாமல், முன்னால் நீளமான ஷேக்கிளை (பட்டையின் முனையைச் சேசிஸோடு கோக்கும் இணைப்புத் துண்டு) மட்டும் போட்டு உயரம் ஏற்றியிருந்தார்கள். இந்த வண்டியில் முன் பட்டையின் ஷேக்கிள் முன்பக்க முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் பட்டையின் முன்முனை கீழே இறங்கி, ஆக்சில் முன்னோக்கிச் சாயும். கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ரோட்டில் போகும்போது தெரியும்: வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராகாது, நேர்ரோட்டிலும் வண்டி இடமும் வலமும் அலையும். வீல் அலைன்மென்ட் எத்தனை தடவை பார்த்தாலும் சரியாகாது, ஏனென்றால் சாலிட் ஆக்சிலில் கேஸ்டரைத் திருகிச் சரிசெய்ய போல்ட் எதுவும் கிடையாது. ஷிம் எனும் ஆப்பு வடிவ இடைத்தகட்டைப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்க வேண்டும், அல்லது ஷேக்கிளைப் பழைய நீளத்துக்கே கொண்டுவர வேண்டும். நான் இரண்டாவதைச் செய்தேன். ஷேக்கிளைக் கழற்றிப் போட்டுவிட்டு, 50 மில்லிமீட்டர் உயரம் தரும் புதுப் பட்டை செட் போட்டேன். அதன் பிறகுதான் இந்த வண்டியை ஒரு கையில் ஓட்ட முடியும் என்றே எனக்குத் தெரிந்தது.

இன்னொரு சமாச்சாரம் பின்பிரேக். சேசிஸில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலுக்குப் போகும். சுமை ஏறினால் சேசிஸ் தாழும், கம்பி மேலே தள்ளும், வால்வு பின்சக்கரத்துக்கு அதிக பிரேக் அழுத்தம் விடும். வண்டியைத் தூக்கினால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. பின்னால் சரக்குப் பெட்டியில் ஒன்றுமே இல்லை என்று வால்வு நினைத்துக்கொண்டு பின்பிரேக்கை எப்போதும் குறைத்தே வைக்கும். முன் பேட் சீக்கிரம் தேயும், பின் லைனிங் புதுசு மாதிரியே இருக்கும். "பின் லைனிங் நல்லா இருக்கு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் ஒருமுறை அந்தக் கம்பியைப் போய்ப் பார்க்கலாம். எத்தனை உயரம் ஏற்றினோமோ அத்தனை உயரத்துக்கு ஆக்சில் பக்கத்துப் பிராக்கெட்டையும் ஏற்றினால் போதும். பிரேக் ஹோஸையும் அதே நாளில் பாருங்கள். ஆக்சில் முழுசாகத் தொங்கும்போது ஹோஸ் கம்பி மாதிரி விறைத்து நின்றால், அது அறுந்து போகக் காத்திருக்கிறது.

50 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஸ்டீயரிங் ராடு. இந்த ஹைலக்ஸில் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து நக்கிளுக்கு (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) போகும் ராடு வண்டியின் நீளவாக்கில் முன்னும் பின்னும் தள்ளுகிறது. ஆக்சில் மேலும் கீழும் போகும்போதே ராடின் நீளக்கணக்கு மாறுவதால், நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் கொஞ்சம் திரும்பும். உயரம் கூடக் கூட ராடின் சாய்வும் கூடும், இந்தத் தொல்லையும் கூடும். அதற்கென்றே குறுக்குவாக்கில் ராடு போடும் கிட்டுகள் இருக்கின்றன. ஆனால் அந்த அளவுக்குப் போனால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம், நீளமான ஷாக் அப்சார்பர், பம்ப் ஸ்டாப் (ஆக்சில் சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) என்று வரிசையாக எல்லாவற்றையும் தொட வேண்டிவரும். பாறை ஏறுவதையே முழுநேரப் பொழுதுபோக்காக வைத்திருப்பவருக்கு அது சரி. எனக்கு இந்த வண்டி சரக்கும் ஏற்ற வேண்டும்.

டயர் 31×10.5ஆர்15. கம்பெனியில் வந்த 205ஆர்16 டயரைவிடக் குறுக்களவு ஆறு சதவீதம் போலக் கூடுதல். ஸ்பீடோமீட்டருக்கு இது தெரியாது. மீட்டர் 100 காட்டினால் உண்மையில் 106 போய்க்கொண்டிருப்பீர்கள். ஓடிய கிலோமீட்டரும் அப்படியே குறைவாகத்தான் பதிவாகும். "பெரிய டயர் போட்டதும் மைலேஜ் படுத்துவிட்டது" என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இந்த ஆறு சதவீதத்தைச் சேர்க்காமல் கணக்குப் போடுகிறவர்கள். மைலேஜ் குறையத்தான் செய்கிறது, ஆனால் சொல்லுமளவு இல்லை.

இதே கணக்கு டைமிங் பெல்ட்டிலும் வந்து இடிக்கும். 3எல் எஞ்சினில் பெல்ட்டின் ஆயுள் 1,00,000 கிலோமீட்டர். அந்த அளவு வந்ததும் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். மீட்டரே குறைவாக எண்ணினால் விளக்கும் தாமதமாகத்தான் எரியும். பழைய வண்டியில் மீட்டரையே மாற்றியிருக்கவும் கூடும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. பழைய டீசல் வாங்கினால் விளக்கையோ விற்றவர் வாயையோ நம்பாமல் முதல் வாரத்திலேயே பெல்ட்டும் டென்ஷனரும் மாற்றிவிடுவது என் வழக்கம். கவரைக் கழற்றும்போதே கேம், கிராங்க் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். எண்ணெய் பட்ட பெல்ட்டுக்கு ஆயுள் கணக்கெல்லாம் கிடையாது.

இனி முன் ஆக்சில். இந்த வண்டியின் அருமையும் தொல்லையும் ஒரே இடத்தில் இருக்கிறது. ஆக்சிலின் இரு முனையிலும் ஒரு இரும்பு உருண்டை. அதற்குள்ளே பிர்ஃபீல்ட் ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு), கிரீஸில் முங்கியபடி. உருண்டையைச் சுற்றி வெளியே ஒரு வைப்பர் சீல், உள்ளே டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி, சுருக்கமாக டிஃப்) ஆயில் வெளியேறாமல் இருக்க ஒரு ஆயில் சீல். உள் சீல் போனால் டிஃப் ஆயில் கிரீஸோடு கலந்து, கறுப்புக் குழம்பாக உருண்டையின் அடியில் வழியும். சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய்ச் சாரல் தெறித்திருந்தால் அதுதான் அறிகுறி. பலர் இதைத் துடைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். நீர்த்துப்போன கிரீஸ் ஜாயின்ட்டைக் காக்காது, கீழே போகும் ஆயிலால் டிஃபும் காயும்.

பிரிக்கும் வேலை அழுக்கானது, ஆனால் கஷ்டமானதல்ல. நக்கிள் ஸ்டட்டில் நட்டுக்கடியில் கோன் வாஷர் இருக்கும். நட்டைக் கழற்றிய பிறகும் ஆர்ம் அசையாமல் அப்படியே கவ்விக்கொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பக் கூடாது. பித்தளைத் தண்டை ஸ்டட் தலையில் வைத்து ஓங்கி ஒரு அடி. கோன் வாஷர் டிக்கென்று மேலே எழும்பி நிற்கும். அதேபோல வீல் பேரிங் நட்டுக்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். உளி வைத்துத் தட்டித் தட்டியே கழற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. உளி பட்டுப் பட்டு மூலை மழுங்கிய நட்டைப் பார்த்தால், அந்த பேரிங்கை யாரும் அளவு பார்த்து இறுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். நட்டுகளுக்கு நடுவே வரும் லாக் வாஷரின் காதை மடக்க மறக்காதீர்கள்.

ஜாயின்ட்டுக்கு மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ், வீல் பேரிங்குக்கு லித்தியம் கிரீஸ். நக்கிளின் மேலும் கீழும் உள்ள பேரிங்கைப் போட்டபின், ஸ்பிரிங் தராசைக் கொண்டு நக்கிளை இழுத்துப் பார்த்து, எத்தனை இழுவையில் அசைகிறது என்று மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். குறைந்தால் ஷிம்மைக் குறைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால்தான் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பள்ளம் ஏறி இறங்கியதும் ஸ்டீயரிங் கைக்குள் கிடந்து உதறும். அதற்கு மருந்தாக ஸ்டீயரிங் டேம்பர் மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். டேம்பர் உதறலை மறைக்கும், தேய்ந்த பேரிங் தேய்ந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்து கொஞ்சம் ஓட்டியபின் நக்கிள் ஸ்டட் நட்டுகளைத் திரும்ப ஒருமுறை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பெரிய டயர் போட்ட வண்டியில் இவை தளர்வது அறிந்த விஷயம். தளர்ந்தால் போவது ஸ்டீயரிங்.

என்னைக் கேட்டால் இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மாற்றம் ஒரு ரப்பர் குழாய். டிஃப் பிரீதர், அதாவது ஆக்சில் மூச்சுவிடும் துளையை உயரத்துக்குக் கொண்டுபோகும் குழாய். நன்றாக ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், அந்த இழுவையில் பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். அடுத்த முறை ஆயிலை இறக்கும்போது பால்போல வரும். பிரீதர் இடத்தில் ஒரு நிப்பிள் போட்டு, குழாயை எஞ்சின் பே வரை மேலே கொண்டுபோனால் விஷயம் முடிந்தது. கியர்பாக்ஸ், முன் பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றுக்கும் சேர்த்துச் செய்துவிடலாம். இதைச் செய்யாமல் ஸ்நார்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) மாட்டிய வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். அந்த ஸ்நார்கலிலும் ஏர் கிளீனர் பக்கத்து இணைப்பு சீல் ஆகாமல் இருந்தால் அது வெறும் அலங்காரம்தான்.

ஆயில் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. டிஃபுக்கு ஜிஎல்-5 தரம் வேண்டும். அதையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோவுக்கு ஜிஎல்-4தான் நல்லது.

டர்போ போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 22-க்கு 1 அளவிலான கம்ப்ரஷனில், டர்போவை நினைத்துச் செய்யப்படாத எஞ்சின் இது. பூஸ்ட்டைக் குறைவாக வைத்து, புகைக்குழாய் வெப்பம் காட்டும் மீட்டரும் மாட்டி, வலதுகாலை அடக்கத் தெரிந்தவர் போடலாம். எனக்கு லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) போதும். 2.28 விகிதத்தில் இந்தச் சின்ன எஞ்சின் இழுக்காத மேடு எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. நெடுஞ்சாலையில் முந்துவதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

இரும்பு புல் பாரும் வின்ச்சும் சேர்ந்தால் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்த எடை எப்போதும் இருக்கும். அதற்கேற்ற பட்டை இல்லாவிட்டால் முன்பக்கம் தொங்கிவிடும். வின்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு ஏர் கம்ப்ரஸர் ஒன்றை வைத்திருக்கிறேன். மணலில் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் எந்த லிஃப்ட்டும் தராத பிடிமானம் கிடைக்கிறது. ரோடு ஏறும்முன் திரும்ப அடித்துவிட வேண்டும்.

சேசிஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பகிர்வு பாதிதான். பெட்டி போல மூடிய சேசிஸுக்குள் சேறு தங்கி உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும். ஓட்டைகள் வழியாக ஹோஸ் விட்டுத் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, காய்ந்தபின் உள்ளே மெழுகு வகை ஸ்ப்ரே அடிக்கிறேன். ஸ்டீயரிங் பாக்ஸ் பொருத்திய இடத்தில் பெரிய டயர் வண்டிகளுக்குச் சேசிஸ் விரிசல் விடுவதுண்டு. வயர் பிரஷ்ஷால் தேய்த்து, யாரையாவது ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் திருப்பச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் வாய்திறப்பது கண்ணுக்குத் தெரியும். சேற்றில் போய்வந்த பின் டிரம்மைக் கழற்றிக் கழுவுவதும் அப்படித்தான், சோம்பேறித்தனப்பட்டால் லைனிங்கோடு டிரம்மும் போகும்.

தினசரி ஓட்ட எப்படி? காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும். பின்சீட்டில் நீண்ட பயணம் போக வீட்டில் யாரும் தயாரில்லை. என் வண்டியில் ஏர்பேக், ஏபிஎஸ் கிடையாது. இதெல்லாம் வேண்டும் என்பவர் இதை இரண்டாவது வண்டியாக மட்டும் யோசிக்கலாம்.

வாங்கப் போகிறவருக்கு: மண்தரையில் முன்சக்கர ஹப்பை லாக் செய்து, 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் ஹை ரேஞ்ச்) போட்டு, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து மெல்ல ஒரு வட்டம் அடியுங்கள், பிறகு மறுபக்கம். தார் ரோட்டில் வேண்டாம், நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கும். டக் டக் என்று தாளம்போல் சத்தம் வந்தால் பிர்ஃபீல்ட் தேய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.