டோக்கோநாமே போன்சாய் தொட்டிகள்: பல வருடம் புழங்கிப் பார்த்ததில்

ஜப்பானில் டோக்கோநாமே என்ற ஊரில் செய்யும் போன்சாய் (குட்டை மர) தொட்டிகளில் கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு, பூசாத தொட்டி மூச்சுவிடும், அதனால் வேர் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நகோயாவில் என் பால்கனியில் ஜூனிப்பர், கறுப்பு பைன் மரங்களைப் பல வருடமாக இந்தத் தொட்டிகளில் வளர்க்கிறேன், அந்தப் பேச்சை அப்படியே நம்பாதீர்கள். நம் ஊர்ப் பூந்தொட்டி போலக் குறைந்த சூட்டில் வெந்தவை அல்ல இவை. 1100 டிகிரி அளவில் சுட்டதில் மண் இறுகிப்போய், தண்ணீரை உறிஞ்சுவதே அபூர்வம். வேருக்குக் காற்று கிடைப்பது அடியில் உள்ள பெரிய துளைகளாலும், தொட்டியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் கால்களாலும், உள்ளே போடும் அகடாமா மண் உருண்டைகளாலும்தான்.

அந்த உறிஞ்சாத குணம்தான் பெரிய லாபம். ஜனவரி இரவுகளில் தண்ணீர் உறையும்போது, ஈரம் குடித்த சாதாரண மண்தொட்டி செதில் செதிலாக உரிந்துவிடுகிறது. இவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. வாங்கும்போது பானையைத் தட்டுவது போல விரலால் சுண்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும்.

டோக்கோநாமே நகோயாவுக்குத் தெற்கே, ரயிலில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஜப்பானின் ஆறு பழஞ்சூளை ஊர்களில் ஒன்று. இரும்புச்சத்து நிறைந்த களிமண், அதுதான் அந்தச் செம்பழுப்பு நிறத்துக்குக் காரணம். தேநீர்க் கெண்டிகளுக்குப் பேர்போன ஊர் என்றாலும் ஒரு காலத்தில் கழிவுநீர்க் குழாய்களையும் செய்து குவித்திருக்கிறார்கள், பழைய குழாய்களையும் ஜாடிகளையும் அடுக்கிய சுவர்கள் சந்துகளில் இன்னும் நிற்கின்றன. 1887-ல் கட்டிய, சரிவில் ஏறிப்போகும் எட்டு அறைகள் கொண்ட ஏறுசூளை ஒன்றும் அங்கே இருக்கிறது. 1974 வரை எரிந்தது, இப்போது பார்வைக்கு மட்டும்.

வட்டத் தொட்டியைச் சக்கரத்தில் இழுத்துவிடலாம், செவ்வகம்தான் சோதனை. களிமண் பலகைகளை ஒட்டிச் செய்யும்போது, காய்ந்து வெந்து முடிவதற்குள் மண் பத்து சதவீதம் போலச் சுருங்கும், கொஞ்சம் அவசரப்பட்டாலும் பக்கம் வளைந்துவிடும். என்னிடம் உள்ள ஒன்றில் உள்மூலையில் மண்திரியை வைத்து விரலால் அழுத்திய தடம் வரிசையாகத் தெரிகிறது, வெளியே விளிம்போ கோடு போட்டது போல நேர். அடியில் செய்தவரின் சிறிய முத்திரை. இந்த உள்மூலையைப் பார்க்காமல் நான் இப்போதெல்லாம் காசு கொடுப்பதில்லை.

குறையும் உண்டு. ஒருமுறை தபாலில் வந்த தொட்டி மேஜையில் வைத்தால் ஆடியது, கைவேலை என்றால் அப்படித்தான் என்றார் விற்றவர். அதெல்லாம் சாக்கு. விலையும் எடையும் அதிகம். உரமும் தண்ணீரும் விளிம்பில் வெள்ளை உப்புக் கோடு விடும், தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். இரும்பு நார் மட்டும் வேண்டாம். புதுத் தொட்டியின் அந்தப் பளீர்ச் சிவப்பு எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை, ஆனால் வெயில், மழை, கைபட்ட எண்ணெய்ப்பசை எல்லாம் சேர்ந்து மெதுவாக மங்கி, ஓரங்களில் ஒரு மெல்லிய மினுமினுப்பு வருகிறதே, அதைக் கடையில் காசு கொடுத்து அவசரமாக வாங்க முடியாது. பழைய தொட்டிக்குப் புதியதைவிட விலை ஏறுவதும் இதனால்தான்.

பைன், ஜூனிப்பருக்குத் தயங்காமல் வாங்கலாம். பூக்கிற மரத்துக்கும் மேப்பிளுக்கும் கிளேஸ் பூசியதுதான் எடுப்பு. அப்புறம், மரம் இன்னும் பருத்து வளர வேண்டிய கட்டத்தில் இருந்தால் இந்தச் செலவே வேண்டாம், அகலமான பிளாஸ்டிக் தொட்டி போதும்.