பெயர் தெரியாத ரயில் படங்கள்: இடம் கண்டுபிடிக்க பழைய வரைபடமா, செயற்கைக்கோள் படமா?

கைவிடப்பட்ட ரயில் பாதையின் பழைய புகைப்படங்களில் ஸ்டேஷன் படங்கள் பெரிய தொல்லை தருவதில்லை. பெயர்ப்பலகை இருக்கும், கட்டடத்தின் அமைப்பு இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு படங்களும் கிடைக்கும். ஆளைத் திணறடிப்பவை இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே எடுத்த படங்கள்தான். ஒரு எஞ்சின், கொஞ்சம் புகை, பின்னால் வயல். படத்தின் பின்பக்கம் பாதையின் பெயர் மட்டும் எழுதியிருக்கும். தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும்.

இப்படிப்பட்ட படங்களுக்கு இடம் கண்டுபிடிக்க நான் மாறி மாறிப் பயன்படுத்தியவை நான்கு: பாதை ஓடிய காலத்து விரிவான வரைபடம், இன்றைய செயற்கைக்கோள் படம், நிலத்தின் உயரத் தரவு, அந்தப் பகுதி ஆட்களின் நினைவு. இப்போது எந்தப் படம் வந்தாலும் முதலில் திறப்பது பழைய வரைபடத்தைத்தான். மற்ற மூன்றும் அதற்கு அப்புறம்தான்.

செயற்கைக்கோள் படத்தின் வசதி எல்லோருக்கும் தெரிந்தது: இலவசம், உடனே கிடைக்கும், உலகம் முழுக்க உண்டு. ரயில் பாதை சாலையைப் போலச் சட்டென்று திரும்பாது, நீண்டு மெதுவாக வளையும். அதனால் தண்டவாளம் போன பிறகும் வேலி வரிசையிலும் வயல் எல்லையிலும் அந்த வளைவு தங்கிவிடும். பாதை எங்கே ஓடியது என்று தேடுவதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கைவிடப்பட்ட பாதைகளைக் குறிக்கத் தனிக் குறியீடே இருக்கிறது. அதன் தரவிலிருந்து ரயில் பாதைகளை மட்டும் காட்டும் ஓப்பன்ரயில்வேமேப்பில் பல பாதைகளைக் கோடாகவே பார்க்கலாம்.

ஆனால் பாதை எது என்பது நமக்கு ஏற்கனவே தெரியும். அந்தப் பாதையில் எந்த இடம் என்பதுதான் கேள்வி. அங்கேதான் இன்றைய படம் காலை வாருகிறது. எந்த ஊகத்தோடு போனாலும் அது ‘ஆமாம்’ என்றுதான் சொல்லும். புகைப்படத்தில் மரங்கள் இருக்கின்றன, இங்கேயும் மரங்கள் இருக்கின்றன. புகைப்படத்தில் வீடு இருக்கிறது, இங்கே இல்லை, சரி, இடித்திருப்பார்கள். ஓடை இல்லையா, மூடியிருப்பார்கள். பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். ஒரு இடத்தை ‘இது இல்லவே இல்லை’ என்று அடித்துத் தள்ள அந்தப் படத்தால் முடிவதில்லை.

என் தேர்வை முடிவு செய்தது இந்த ஒரே விஷயம்தான். இடம் கண்டுபிடிப்பதில் பாதி வேலைக்கு மேல் தவறான இடங்களைக் கழிப்பது. பாதை ஓடிய காலத்து வரைபடம் அதைத்தான் செய்கிறது. அதில் ஓடை இல்லையென்றால் அன்றைக்கு அங்கே ஓடை இல்லை.

ஒரு உதாரணம். வண்டி மண் கரை மேல் வருகிறது. கரைக்கு அடியில் செங்கல் வளைவுப் பாலம், அதற்குள் ஒரு மண் சாலை நுழைகிறது. பாலத்துக்கு வலப்புறம் ஓடை, அதற்குத் தனியாக ஒரு சின்ன மதகு. வண்டிக்குப் பின்னால் பாதை இடப்பக்கம் வளைந்து, மேட்டைக் குடைந்த வெட்டுக்குள் போகிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தில் பாதையை ஒரு முனையிலிருந்து விரலால் தொடர வேண்டும். சாலை பாதையைக் கடக்கும் இடங்களில் பெரும்பாலானவை லெவல் கிராசிங்காகவோ மேம்பாலமாகவோ இருக்கும். அவை முதலிலேயே போய்விடும். ரயில் கோடு அறுபடாமல் ஓட, சாலைக் கோடு மட்டும் அறுந்து மறுபக்கம் தொடர்ந்தால் சாலை அடியில் போகிறது என்று பொருள். மிஞ்சியவற்றில் பக்கத்திலேயே ஓடை உள்ளவை சில. அவற்றில், பாலத்துக்கு எந்தப் பக்கம் ஓடை, எந்தப் பக்கம் வளைவு என்று பாதையின் இரண்டு திசையிலிருந்தும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேமரா எந்தப் பக்கம் நோக்கியது என்று இன்னும் தெரியாது. கடைசியாக வெட்டு. கரையையும் வெட்டையும் காட்டும் சிறு கோடுகள் எந்தப் பக்கம் சரிகின்றன என்று பார்த்தால் மேடு எது, பள்ளம் எது என்பது புரியும். இவ்வளவையும் தாண்டி நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்.

ஒன்றுமே மிஞ்சாமல் போனாலும் அது ஒரு பதில்தான். படம் வேறு பாதையுடையதாக இருக்கலாம். அல்லது நெகட்டிவைப் புரட்டிப் போட்டுப் பிரதி எடுத்திருக்கலாம்; பழைய ஸ்லைடுகளை ஸ்கேன் செய்யும்போது இது அடிக்கடி நடக்கும். எஞ்சின் எண் தெரிந்தால் உடனே பிடிபடும். தெரியாவிட்டால் கைகாட்டி மரத்தை, அதாவது கம்பத்தில் கை பொருத்திய பழைய ரயில் சிக்னலைப் பாருங்கள். பிரிட்டிஷ் முறைப் பாதைகளில், ஓட்டுநர் பார்வைக்குக் கை கம்பத்தின் இடப்புறம் நீளும். வலப்புறம் நீண்டால் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி மறுபடியும் தேட வேண்டும். இந்தச் சந்தேகம் செயற்கைக்கோள் படத்தோடு மல்லுக்கட்டும்போது வரவே வராது, ஏனென்றால் அங்கே புரண்ட படம்கூட எதோடாவது பொருந்திவிடும்.

வரைபடம் என்றால் எதுவும் ஆகாது, அளவு முக்கியம். ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும் 1:63,360 தாளில் கரை, வெட்டு, பாலம் வரை கிடைக்கும். மதகும் வேலியும் கிடைக்காது. 1:2,500 அளவில் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே போட்ட தாள்களில் ஒவ்வொரு வயலின் எல்லையும், வயல் எண்ணும், ஏக்கர் கணக்கும்கூட உண்டு. ரயில் பாதையோரம் மைல் கம்பம், சிக்னல் கம்பம் எல்லாம் சுருக்கெழுத்தோடு குறிக்கப்பட்டிருக்கும். புகைப்படத்தின் மூலையில் ஒரு மைல் கம்பம் தெரிந்தால் போதும், தேட வேண்டிய தூரம் வெகுவாகச் சுருங்கிவிடும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இந்தத் தாள்களை இணையத்தில் இன்றைய படத்தோடு பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கும்படி தருகிறது. இவ்வளவு விரிவான தாள் எல்லா நாட்டுக்கும் கிடைக்காது. கிடைக்காத பாதைகளில் ஒரு அங்குலத் தாளோடுதான் மல்லுக்கட்ட வேண்டும், அப்போது என் வாதத்தின் பலம் பாதியாகக் குறையும்.

அச்சான ஆண்டைப் பார்த்து ஏமாறவும் கூடாது. தாளின் ஓரத்தில் அளவை செய்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு எனத் தனித்தனியாக இருக்கும். படத்தின் காலத்தோடு ஒப்பிட வேண்டியது கடைசியாகத் திருத்திய ஆண்டை.

நடுவில் ஒரு வழி இருக்கிறது: பழைய வான்படங்கள். கொரோனா உள்ளிட்ட அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த 8,60,000-க்கும் மேற்பட்ட படங்கள் 1995-இல் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் தளத்தில் தேடலாம். பிந்தைய கேமராக்களில் இரண்டு மீட்டருக்கும் குறைவான பொருள்கூடத் தெரியும். பாதை அப்போது ஓடிக்கொண்டிருந்திருந்தால் மரத்தோப்பும் வீடும் இருந்த நிலை அப்படியே கிடைக்கும். நான் இதை அதிகம் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தியவரை, படத்தைச் சரியான கோணத்துக்கு நிமிர்த்துவதற்கே பொறுமை போய்விடுகிறது.

உயரத் தரவு வேலை செய்வது மலைப்பாங்கான இடத்தில்தான். மரம் வெட்டுவார்கள், வீடு இடிப்பார்கள், ஆனால் அடிவானத்தில் தெரியும் மலை முகடு அப்படியே இருக்கும். கூகுள் எர்த்தில் தரைமட்டத்துக்கு இறங்கி, பாதையோரமாக நகர்ந்து, முகட்டின் வடிவத்தைப் படத்தோடு வைத்துப் பார்க்கலாம். இரண்டு முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கே மறைகின்றன என்பது கேமரா நின்ற இடத்தை வெகுவாகக் குறுக்கிவிடும். சமவெளியில் இதற்கு வேலையே இல்லை. லேசர் வைத்து அளந்த லைடார் தரவு வேறு ரகம்: காட்டுக்குள் புதைந்த கரையைக்கூட மரங்களை நீக்கிக் காட்டும். இங்கிலாந்துக்கு ஒரு மீட்டர் துல்லியத்தில் இது இலவசம். ஆனால் இதுவும் பாதையைத்தான் காட்டுகிறது, படத்திலுள்ள மற்ற எதையும் காட்டாது.

திசை அறிய நிழலைப் பார் என்று நிறையப் பேர் சொல்வார்கள். கடக ரேகைக்கு வடக்கே நடுப்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும். வெப்ப மண்டலத்தில் ஆண்டின் ஒரு பகுதியில் தெற்கேயும் விழும், அதனால் அங்கே தேதி தெரியாமல் நிழலை நம்ப முடியாது. பழைய கால அட்டவணை கையில் இருந்தால் வண்டி போகும் திசை, நேரம், நிழல் மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல சாட்சி. தனியாக நிழல் மட்டும் போதாது.

ஆட்களின் நினைவைக் கடைசியில் வைப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். வரைபடத்தில் இல்லாத பெயர்கள், பாலத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர், கேட் கீப்பர் வீடு இருந்த மூலை, எல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும். ஆனால் ‘இது அந்தப் பாலம்தானே?’ என்று படத்தை நீட்டினால் அன்பாக ஆமாம் என்பார்கள். வரைபடத்தில் இரண்டு இடம் மிஞ்சிய பிறகு, எது என்று சொல்லாமல் படத்தை மட்டும் காட்டிக் கேளுங்கள். அப்படிக் கிடைக்கும் பதிலுக்குத் தனி மதிப்பு உண்டு.

இடம் கிடைத்தபின் எழுதி வைக்கும்போது எஞ்சின் இருக்கும் இடத்தை மட்டும் குறிக்காமல், கேமரா நின்ற இடத்தின் ஆயத்தொலைவுகள், அது நோக்கிய திசை, எந்தத் தாள், அதைத் திருத்திய ஆண்டு, எந்தெந்த அடையாளங்கள் பொருந்தின என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பொருந்தாத அடையாளம் ஒன்று இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்து தேட வருகிறவர் அதிலிருந்துதான் தொடங்குவார்.