ஈரநிலத்துக்கு ஈடு: பில்டரா, நிதியா, தனியார் வங்கியா, நகராட்சியா?

அமெரிக்காவில் ஈரநிலத்தில் மண்ணடித்துக் கட்டடம் எழுப்ப, நிலப் பத்திரம் கையில் இருந்தால் மட்டும் போதாது. 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், 404-ஆம் பிரிவின் கீழ், ராணுவப் பொறியாளர் படையிடம் பெர்மிட் வாங்கச் சொல்கிறது. முடிந்தவரை ஈரநிலத்தைத் தொடக் கூடாது. தொட்டே ஆக வேண்டுமானால் குறைவாகத் தொட வேண்டும். அப்படியும் அழிவதற்கு, வேறோர் இடத்தில் ஈரநிலத்தை உருவாக்கியோ மீட்டோ ஈடு செய்ய வேண்டும். தகராறெல்லாம் இந்த மூன்றாவதில்தான்.

ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரம் 1980-களின் கடைசியில் இதில் வசமாக மாட்டிக்கொண்டது. நகரின் மேற்கே தொழிற்சாலைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நிலத்தில் பெரும்பகுதி ஈரநிலம் என்று கணக்கெடுப்பில் தெரியவந்தது. கோடையில் போய்ப் பார்த்தால் அது வெடிப்பு விட்ட வெறும் புல்தரை. மழைக்காலத்தில் அடியிலிருக்கும் களிமண் தண்ணீரை இறங்க விடாது. தரையெல்லாம் தண்ணீர் நிற்கும். 1992-ல் நகரமும் லேன் கவுன்டியும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. எதைக் காப்பது, எதை மூட விடுவது என்று முன்கூட்டியே வரைபடத்தில் பிரித்தார்கள். மூடுகிறவர்களுக்கு வேண்டிய ஈட்டை நகரமே உருவாக்கி, கிரெடிட்டாக, அதாவது மீட்ட ஈரநிலத்தை அளக்கும் அலகுகளாக விற்கும் என்றும் முடிவானது.

இது சரியான ஏற்பாடுதானா என்று பார்க்க, மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் வழி, அழித்தவரே ஈடு கட்டுவது. கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில் தேறாதது இதுதான். பில்டருக்குக் கான்கிரீட் தெரியும், கோரைப்புல் தெரியாது. கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு குட்டையை வெட்டி, நாலு நாற்று நட்டு, வீடுகளை விற்றுவிட்டுப் போய்விடுவார். ஒவ்வொரு துண்டாகத் தேடிப்போய்ச் சோதிக்க அதிகாரிகளுக்கு ஆளும் இல்லை. அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2001-ல் வெளியிட்ட அறிக்கை, ‘நிகர இழப்பு இல்லை’ (அழியும் அளவுக்கு ஈரநிலம் மீள வேண்டும்) என்ற அரசின் இலக்கு நிறைவேறவில்லை என்று முடிவு சொன்னது.

இரண்டாவது, நிதி கட்டுவது. அரசுத் துறையிடமோ தொண்டு நிறுவனத்திடமோ பணத்தைக் கட்டிவிட்டால் பொறுப்பு அவர்களுடையது. பலரின் பணம் சேர்ந்ததும் பெரிய இடமாகப் பார்த்து மீட்பார்கள். லாபம் வராது என்று தனியார் எட்டிப்பார்க்காத இடங்களுக்கும் இது போய்ச்சேரும். கோளாறு காலத்தில் இருக்கிறது: அழிவது இன்று, மீள்வது என்றோ. இதற்குக் கடிவாளமாக, ஈடு பற்றிய கூட்டாட்சி அரசின் 2008-ஆம் ஆண்டு விதி, முன்கூட்டி விற்ற முதல் கிரெடிட்டிலிருந்து மூன்றாவது முழு வளர்பருவத்துக்குள் நிலத்தில் ஆரம்ப வேலைகளை முடிக்கச் சொன்னது. என் பார்வையில் அந்த மூன்று பருவமே அதிகம்.

மூன்றாவது, தனியார் வங்கி. பண வங்கி இல்லை; ஈரநிலத்தை மீட்டு, அந்த ஈட்டைக் கிரெடிட்டாக விற்கும் தொழில். அதே 2008 விதி முதல் இடம் கொடுப்பது வங்கி முறைக்குத்தான். காரணம் எளிது. முதலீட்டாளர் நிலத்தை வாங்கி, வேலையைத் தொடங்கி, நிரூபிக்க நிரூபிக்கத்தான் கிரெடிட் படிப்படியாக விடுவிக்கப்படும். திட்டம் ஒப்புதலாகி நிலம் உறுதியானதும் கொஞ்சம், தண்ணீர் சரியாக நின்றால் கொஞ்சம், செடி பிடித்தால் மீதி. கண்காணிப்பு குறைந்தது ஐந்தாண்டு. காலச் சிக்கல் பெரும்பாலும் தீர்கிறது; இடச் சிக்கல் வந்துவிடுகிறது. வியாபாரி நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தைத்தானே தேடுவார்? ஃபுளோரிடாவின் இத்தகைய வங்கிகளை ஆராய்ந்து சட்டப் பேராசிரியர்கள் ரூலும் சால்ஸ்மனும் 2006-ல் எழுதியது இதைத்தான்: ஈரநிலம் நகரத்தில் அழிந்து கிராமப்புறத்தில் முளைக்கிறது. ஏக்கர் கணக்கு சரியாக இருக்கும். மழைவெள்ளம் வடிய இடமில்லாமல் நிற்கும் தெருவுக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்?

யூஜீனின் வழி இங்கேதான் முந்துகிறது. அழிவதும் மீள்வதும் ஏறக்குறைய ஒரே வட்டாரத்தில். அமேசான் ஓடை (பெயர்தான் அமேசான்) வெள்ளத் தடுப்புக்காக நேர் வாய்க்காலாக வெட்டப்பட்டது. மேற்கு யூஜீனின் மீட்பு வேலைகள் அந்த ஓடையைச் சுற்றித்தான் நடக்கின்றன. யூஜீன் இருக்கும் வில்லமெட் பள்ளத்தாக்கின் ஈரப் புல்வெளியில் மிஞ்சியிருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால், எங்கோ ஒரு குளம் வெட்டி அதற்கு ஈடு என்று சொல்லவும் முடியாது.

வேலையும் லேசானதில்லை. பழைய வயல் வடிகால்களை அடைக்க வேண்டும். வெளியூர்க் களைகளின் விதை மண்டிய மேல்மண்ணைச் சுரண்டி லாரியில் அப்புறப்படுத்த வேண்டும். அதே பள்ளத்தாக்கில் சேகரித்த நாட்டு விதைகளை விதைக்க வேண்டும். நீலப்பூ பூக்கும் காமாஸ் திரும்ப வந்தால் நல்ல அறிகுறி. அதன் கிழங்கு கலபூயா பழங்குடியினரின் உணவு. புல்வெளி காடாகிவிடாமல் அவர்கள் தீ வைத்துப் பராமரித்ததுபோல், இப்போதும் திட்டமிட்டு எரிக்கிறார்கள்.

ஆனால் நகரத்துக்கு இரண்டு தொப்பி. வளர்ச்சி வேண்டும் என்று சொல்வதும் அதுவே, கிரெடிட்டை விற்பதும் அதுவே. கையில் சரக்கு இருக்கும்போது ‘தொடாதே’ என்ற முதல் படியைத் தாண்டிப்போகச் சபலம் வரும். யூஜீனில் காக்க வேண்டியதை முன்பே வரைபடத்தில் குறித்துவிட்டதால் இது ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. வரைபடம் இல்லாமல் வங்கியை மட்டும் நகலெடுக்கும் நகரத்தை நான் நம்ப மாட்டேன்.

பண ஆபத்தும் உண்டு. மக்கள் பணத்தை முதலில் போட்டுவிட்டு, வாங்க ஆள் வரும் என்று காத்திருக்க வேண்டும். 2023-ல் சாக்கெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஆறு, ஏரிகளோடு தொடர்ச்சியான மேற்பரப்பு இணைப்பு இல்லாத ஈரநிலங்களைக் கூட்டாட்சிச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது. பெர்மிட் தேவைப்படாதவர் கிரெடிட் எதற்கு வாங்குவார்? ஓரிகனில் ஈரநிலத்தில் மண்ணடிப்பதைக் கட்டுப்படுத்த மாநிலத்துக்கென்று தனிச் சட்டம் இருப்பதால் கிராக்கி அடியோடு போய்விடாது. அப்படிச் சட்டம் இல்லாத மாநிலத்தில் ஒரு நகரம் இன்று இதைத் தொடங்கினால், கிரெடிட் விற்காமல் தேங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும். அங்கே நிதி முறையே பாதுகாப்பு. பணம் வந்த பிறகுதானே செலவு.

மாநிலச் சட்டம் இருக்கிறதா, வரைபடம் இருக்கிறதா என்ற இரண்டுக்கும் ஆம் என்றால் என் ஓட்டு நகர வங்கிக்கு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், சேவை எல்லையை (கிரெடிட் விற்கக்கூடிய வட்டாரத்தை) சின்னதாக வைத்த தனியார் வங்கி அல்லது நிதி. எதுவானாலும், எத்தனை கிரெடிட் விடுவிக்கப்பட்டது, எத்தனை விற்றது என்று பொறியாளர் படையின் ரிபிட்ஸ் இணையத் தளத்தில் எவரும் பார்க்கலாம். வங்கி விளம்பரத்தைப் படிப்பதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.